வேட்டி கட்டி வந்தவரை வாசலில் தடுத்தால்? சட்டம், நடைமுறை, உடையை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம்

#1 பொருநைக்கரை

சென்னையில் ஒரு கிளப் வளாகத்தில் உறவுக்காரர் வீட்டு வரவேற்பு. அழைப்பிதழின் அடியில் சின்ன எழுத்தில் "உடை: ஃபார்மல்" என்று போட்டிருக்கிறது. ஊரிலிருந்து வரும் பெரியவர்களில் பாதிப்பேர் வேட்டி சட்டை, தோல் செருப்பு தவிர வேறு எதுவும் போட மாட்டார்கள். வாசலில் நிறுத்தி அவமானப்படுத்தி விடுவார்களோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வேட்டிக்குத் தனிச்சட்டமே இருக்கிறது என்கிறார்கள். அது என்ன சொல்கிறது? தடுத்தால் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வழக்குமன்றம்

சட்டம் இருக்கிறது. 2014 ஜூலை 11 அன்று சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. அதற்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. ஐந்து நாளில் முதல்வர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்தார், ஆகஸ்டில் மசோதா நிறைவேறியது. பொது இடங்களில் நுழைய உடைக் கட்டுப்பாட்டை நீக்கும் தமிழ்நாட்டுச் சட்டம், 2014.

சாரம் இதுதான். மனமகிழ் மன்றம், சங்கம், அறக்கட்டளை, நிறுவனம், சொசைட்டி எதுவானாலும், தன் பொறுப்பில் உள்ள பொது இடத்துக்குள் வேட்டியோ வேறு இந்திய மரபுடையோ அணிந்து வருபவரைத் தடுக்கும்படி விதி வைக்கக்கூடாது. பழைய விதி இருந்தாலும் செல்லாது. மீறினால் உரிமம் ரத்தாகலாம். ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

ஏன் தனிச்சட்டம் தேவைப்பட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடங்களில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) சொல்கிறது. ஆனால் அது எண்ணிச் சொல்லும் காரணங்கள் ஐந்துதான்: மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம். உடை அந்த வரிசையில் இல்லை. "சாதியைப் பார்த்துத் தடுக்கவில்லை, சட்டையைப் பார்த்துத்தான் தடுத்தோம்" என்று சொல்லித் தப்பிக்க அந்த இடைவெளி போதும். தமிழ்நாட்டு எல்லைக்குள் வேட்டியைப் பொறுத்தவரை அதை அடைத்தது 2014 சட்டம்.

#3 கொங்குநெசவு

ஓசூர் தாண்டினால் இந்தச் சட்டம் கூட வராது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். 2024 ஜூலையில் பெங்களூரில் ஒரு வணிக வளாகத்தில், மகனோடு படம் பார்க்க வந்த முதியவரை வேட்டி கட்டியிருந்ததற்காக நிறுத்தினார்கள். கையில் சினிமா டிக்கெட் இருந்தது. ஊரே கொதித்த பிறகு அந்த வளாகத்தை ஏழு நாள் மூட வைத்தது கர்நாடக அரசு. அதே ஆண்டு பிப்ரவரியில் அதே ஊர் மெட்ரோ நிலையத்தில், தலையில் மூட்டையோடு வந்த விவசாயியை உடை அழுக்காக இருக்கிறதென்று நிறுத்தினார்கள். அவரிடமும் டிக்கெட் இருந்தது. கூட நின்ற பயணிகள் சண்டை போட்டுத்தான் உள்ளே கூட்டிப்போனார்கள்.

#4 பொருநைக்கரை

அப்படியானால் கைலி?

#5 வழக்குமன்றம்

வேட்டியைச் சட்டம் பெயர் சொல்லிக் காக்கிறது. கைலியைப் பெயர் சொல்லவில்லை. "இந்திய மரபுடை" என்ற சொற்களுக்குள் கைலி வரும் என்று உறுதியாக வாதாடலாம். ஆனால் வாசலில் நிற்கும்போது அது வாதம், வேட்டி என்றால் சட்டம். அந்த வித்தியாசம் தெரிந்து போவது நல்லது. காலையில் கைலியோடு மார்க்கெட்டுக்குப் போகிறவரை அதே கைலியில் வங்கிக்குள்ளோ தாலுகா அலுவலகத்திலோ பார்த்தால் உட்காரச் சொல்லக்கூட யோசிக்கிறார்கள். வேட்டிக்குக் கிடைத்த மரியாதை உழைக்கிறவன் உடுத்தும் துணிக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

#6 வரவேற்பறை

விடுதிப் பாதுகாப்புப் பணிக்கு ஆள் பழக்குகிற வேலையிலிருந்து எழுதுகிறேன். வாசலில் தடுத்தால் செய்ய வேண்டியது இது.

காவலாளியோடு வாதம் வேண்டாம். அவர் ஒப்பந்த நிறுவனத்து ஆள். விதி எழுதியவரும் அவரில்லை, விலக்குத் தரும் அதிகாரமும் அவருக்கில்லை. "டியூட்டி மேனேஜரைக் கூப்பிடுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அமைதியாகச் சொல்லுங்கள். மேனேஜர் வந்ததும் இரண்டே கேள்வி: எந்த விதி, அது எங்கே எழுதியிருக்கிறது? பெரும்பாலும் எழுத்தில் எதுவும் இருக்காது, இருந்தாலும் காட்ட மாட்டார்கள். 2014 சட்டத்தின் பெயரைச் சொல்லி, "வேட்டி என்பதால்தான் அனுமதி மறுக்கிறீர்களா, அதை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் பத்தில் ஒன்பது இடத்தில் கதவு திறந்துவிடும். அப்படி எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளே அவர்களுக்கு எதிரான சாட்சி என்பது மேனேஜருக்குத் தெரியும்.

மறுத்தே விட்டால் நேரம், வாசலின் பெயர், மேனேஜரின் பெயர், அவர் சொன்ன சொல் நான்கையும் அப்போதே போனில் ஒருவருக்குச் செய்தியாக அனுப்பி வையுங்கள். அனுப்பிய நேரம் அதில் பதிவாகிவிடும். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி அன்றே மின்னஞ்சல் போடுங்கள். பல இடங்களில் சில வாரங்களுக்கு மேல் பதிவு தங்காது, பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும். காவல் நிலையம் போய்ப் புகார் கொடுப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டால் கையில் சாட்சி இருக்காது.

இன்னொன்று. காவலாளியின் முகத்தைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றாதீர்கள். பெங்களூர் மெட்ரோ விவகாரத்தில் வேலை போனது ஒரு பாதுகாப்பு மேற்பார்வையாளருக்கு. "அழுக்குத்துணி ஆட்களைக் கவனி" என்று காலை அணிவகுப்பில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புகிற மேலிடத்தின் பெயர் இப்படிப்பட்ட விவகாரங்களில் வெளியே வருவதே இல்லை. உடையை வைத்து ஒருவரை ஊர் முன்னால் நிறுத்தியது தப்பென்றால், சீருடையை வைத்து இன்னொருவரை ஊர் முன்னால் நிறுத்துவதும் தப்புதான்.

#7 வழக்குமன்றம்

வரவேற்பறை சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: காவல் நிலையத்தில் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, மாநகரில் கமிஷனருக்கும் மாவட்டத்தில் எஸ்.பி.க்கும் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 175(3)இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை மறந்து புகாரைக் கோட்டை விடுகிறவர்கள் அதிகம்.

#8 சரிநிகர்

மன்னிக்கணும், ஒரு மாற்றுக் கருத்து. தனியார் இடத்துக்குத் தன் விதியை வைக்க உரிமை இல்லையா? பள்ளியில் சீருடை இருக்கிறது, நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டு இருக்கிறது. அங்கெல்லாம் யாரும் கொதிப்பதில்லையே.

#9 வரவேற்பறை

விதி வைக்கலாம். அந்த விதி எந்த வேலைக்கு என்று சொல்ல முடிய வேண்டும். நீச்சல் குளத்தில் பருத்தித் துணியோடு இறங்காதே என்பதற்குக் காரணம் உண்டு: பருத்தி நார் உதிர்ந்து வடிகட்டியில் அடைக்கும், நனைந்த துணி கனத்து ஆளையும் இழுக்கும். கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் துப்பட்டாவும் வேட்டியும் கூடாது, ஏனென்றால் சுழலும் தண்டு துணி நுனியைப் பிடித்தால் கையை இழுக்கக் கண நேரம் போதும். ஓட்டல் சமையற்கட்டில் தலைமுடியை மூடு, மோதிரத்தைக் கழற்று என்றால் சாப்பாட்டில் விழும் என்று காரணம் சொல்லலாம். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இட்லி தின்ன வேட்டி எந்த விதத்தில் இடைஞ்சல்? "எங்கள் சூழலுக்குப் பொருந்தாது" என்பதைத் தவிர வேறு பதில் வராது. அந்தப் பதிலில் உடையைப் பற்றி எதுவும் இல்லை, அதை உடுத்தியவரைப் பற்றித்தான் இருக்கிறது.

சீருடையையும் இதோடு சேர்க்காதீர்கள். காமராஜர் காலத்தில் பள்ளிகளுக்குச் சீருடை வந்தபோது, பணக்காரப் பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே துணியில் உட்கார வேண்டும் என்பதுதான் நோக்கம். வித்தியாசத்தை மறைக்க வந்தது அது. கிளப் வாசல் விதி வித்தியாசத்தைக் காட்ட வந்தது.

விதி எழுதுகிற நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் நான்கு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். விதியை அழைப்பிதழிலும் முன்பதிவுப் பக்கத்திலும் முன்கூட்டியே போடுங்கள், வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். "ஃபார்மல்", "கண்ணியமான", "ஸ்மார்ட் கேஷுவல்" என்று எழுதாமல் எது வேண்டும் என்று பொருளாகச் சொல்லுங்கள். 2021இல் டெல்லியில் ஒரு உணவகம் புடவை "ஸ்மார்ட் கேஷுவல்" ஆகாது என்று சொல்லி நாடே சிரிக்கும்படி ஆனது அந்தச் சொல்லின் மயக்கத்தால்தான். விதிக்கு மாற்று ஒன்று கையில் வையுங்கள், கடன் தர ஒரு சட்டையோ அங்கவஸ்திரமோ. காவலாளிக்கு "ஆளைப் பார்த்து முடிவு செய்" என்று சொல்லாதீர்கள். அவர் பார்க்க வேண்டியது மூன்றுதான்: அழைப்போ டிக்கெட்டோ இருக்கிறதா, போதையில் தகராறு செய்கிறாரா, ஆபத்தான பொருள் வைத்திருக்கிறாரா. இந்த மூன்றில் துணி எங்கேயும் வராது.

#10 கொங்குநெசவு

பெரியவர்கள் நிம்மதியாக வந்துபோக வேட்டி விஷயமும் சொல்லிவிடுகிறேன். தடுக்கிறவர்கள் தேடுகிற சாக்கு "ஒழுங்காகக் கட்டவில்லை" என்பது. அந்தச் சாக்கைக் கொடுக்க வேண்டாம்.

நாலு முழம் சுமார் 2 மீட்டர். ஒற்றைச் சுற்றுத்தான் வரும், வெளிச்சத்தில் நிழல் தெரியும். விழாவுக்கு எட்டு முழம்தான் சரி. அது 3.6 முதல் 4 மீட்டர் வரை இருக்கும், இரண்டாக மடித்துக் கட்டுவது. அகலம் ஏறக்குறைய 50 அங்குலம். ஆறடி தாண்டியவர்கள் அகலத்தைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கணுக்கால் தெரியும்.

புது வேட்டியை அப்படியே கட்டாதீர்கள். நெசவுக் கஞ்சி போகாத துணி மொடமொடவென்று நிற்கும், இடுப்பில் பிடிக்காது, ஒரு மணி நேரத்தில் நெகிழும். ஒருமுறை தண்ணீரில் அலசி, மெல்லிய கஞ்சி போட்டு, ஈரம் லேசாக இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். பாலியஸ்டர் கலந்தது பளபளக்கும், ஆனால் வழுக்கும். இடுப்பில் வைத்துக் கட்டும்போது கீழ்க்கரை கணுக்கால் எலும்பைத் தொட்டு நிற்கிற மாதிரி உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். இடுப்பில் சுருட்டினால் இரண்டு மூன்று அங்குலம் மேலே ஏறும், அதற்கு இடம் விட்டுக் கட்டுங்கள். மேல் விளிம்பை இரண்டு மூன்று தடவை வெளிப்பக்கமாக இறுக்கிச் சுருட்டி, மேலே பெல்ட். பை வைத்த பச்சை பெல்ட் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம்தான், அது எந்தச் சட்டத்திலும் தப்பில்லை.

ஒட்டும் பட்டை வைத்த வேட்டி வயதானவர்களுக்கு நல்லது, குறிப்பாகக் கை நடுக்கம் உள்ளவர்களுக்கு. ஆனால் பட்டையை மூடாமல் துவைத்தால் நூல் பிசிறெல்லாம் அதில் சிக்கி, பத்துப் பதினைந்து துவைப்பில் பிடிப்புப் போய்விடும். பழைய பிரஷ்ஷால் பிசிறை எடுத்தால் கொஞ்ச நாள் தாங்கும்.

கரை பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் வேட்டிக் கரையைப் பார்த்தே ஆளைக் கட்சிக்காரர் என்று முத்திரை குத்துவார்கள். கறுப்பு சிவப்பு என்றால் ஒரு முடிவு, நடுவில் வெள்ளை வந்தால் இன்னொரு முடிவு. விழாவுக்கு மெல்லிய ஜரிகைக் கரையோ மயில்கண் கரையோ போதும். அப்புறம், மடித்துக் கட்டியிருந்தால் வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். பெரியவர் முன்னால் இறக்கிவிடுவது நம் மரியாதை, அது கிளப்புக்காக இல்லை.

#11 செம்பருத்தி

இவ்வளவு நேரம் ஆண்களின் வாசலைப் பற்றியே பேசியிருக்கிறோம். பெண்ணுக்கு வாசலில் மட்டும் தடை இல்லை. பஸ்ஸில், பள்ளி அலுவலகத்தில், கோயில் பிராகாரத்தில், முகநூல் பின்னூட்டத்தில் என்று எங்கேயும் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதற்கு எழுதிய விதியும் வேண்டாம்.

எழுதியவையும் உண்டு. 2015 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2016 ஜனவரி 1 முதல் கோயிலுக்கு இன்ன உடையில்தான் வரவேண்டும் என்று உத்தரவிட்டது. பெண்களுக்குப் புடவை, தாவணி, மேல்துணியோடு சுடிதார். ஆண்களுக்கு வேட்டியோ பைஜாமாவோ மேல்துணியோடு, இல்லையென்றால் முறையான பேண்ட் சட்டை. ஜனவரியிலேயே இரு நீதிபதி அமர்வு தடை விதித்தது. ஆனால் அந்தச் சில நாளில் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கதை பத்திரிகைகளில் வந்தது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த ஆணையில் பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் என்று இருந்தது. நான் கவனிப்பது அந்தத் துப்பட்டாவை. அந்த ஆணையில் ஆணுக்கு எழுதும்போது துணியின் வகையைச் சொல்கிறார்கள். பெண்ணுக்கு எழுதும்போது எதை மூட வேண்டும் என்று சொல்கிறார்கள்.

அலுவலகத்தில் மேலதிகாரி ஒரு பெண்ணின் உடை பற்றி ஆபாசத் தொனியில் ஒரு வார்த்தை சொன்னால் அது "அறிவுரை" ஆகாது. 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போகலாம். பத்துப் பேர் அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழு இருந்தே ஆக வேண்டும். புகார் எழுத்தில், சம்பவ நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவென்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு. தேதி, சொன்ன சொல், அங்கே இருந்தவர்கள், இந்த மூன்றையும் அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "அடிக்கடி பேசுவார்" என்று பொதுவாக எழுதிய புகார்கள் விசாரணையில் நிற்பதில்லை.

#12 சரிநிகர்

அக்கா, இணையத்தில் வரும் பின்னூட்டங்களுக்கு?

#13 செம்பருத்தி

கருத்து எல்லாம் குற்றமில்லை தம்பி. "இந்த நிறம் பொருந்தவில்லை" என்பவரை விட்டுவிடலாம். பெண்ணின் மானத்தைக் குலைக்கிற சொல்லோ சைகையோ பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 79இல் வரும், பாலியல் தொனிப் பேச்சு 75இல். 2025இல் தமிழ்நாடு பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்தால் போதாது, பின்னூட்டத்தின் இணைப்பையும் கணக்கின் இணைப்பையும் தனியாக எடுத்து வையுங்கள். பெயரை மாற்றிவிடுவார்கள், இணைப்பை வைத்துத்தான் கணக்கைக் கண்டுபிடிக்க முடியும். எடுத்த போனையும் விற்றுவிடாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சிக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் (பி.எஸ்.ஏ.) பிரிவு 63இன் கீழ் சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

#14 நாஞ்சில்வாசல்

கொங்குநெசவு சொன்ன மரியாதையையும், வரவேற்பறை சொன்ன "வித்தியாசத்தைக் காட்ட வந்த விதி"யையும் படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பக்கம் இது கிளப்போடு தொடங்கவில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்காக அடித்துக் கிழித்தார்கள். தோள்சீலைப் போராட்டம் பத்தாண்டுகள் கணக்கில் நடந்து, 1859 ஜூலை 26இல் மன்னர் அனுமதி அறிவித்தார். அந்த அறிவிப்பிலும் ஒரு கொக்கி: எந்த விதத்திலும் மூடிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் கூடாது. உடம்பை மூடுவதில் அவர்களுக்கு ஆட்சேபமே இல்லை. பார்த்தவுடன் சாதி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இதை நேராகவே எழுதியிருக்கிறது. 2015 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 3(1)(இசட்ஏ)(பி): பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொது இடத்தில் செருப்புப் போடவோ புத்தாடை உடுத்தவோ விடாமல் தடுப்பது குற்றம். அடுத்த உட்பிரிவு ஒன்றில் கடை, கேளிக்கை இடங்களில் நுழையவிடாததும் வருகிறது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், முன்ஜாமீன் கிடையாது, குற்றப்பத்திரிகை 60 நாளில். 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு திரையரங்கில் கையில் டிக்கெட்டோடு நின்ற நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடாததற்கு இந்தச் சட்டத்தில்தான் வழக்குப் பதிவானது. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

எனவே பொருநைக்கரை, தடுக்கப்படுபவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் 2014 வேட்டிச் சட்டத்தோடு நிறுத்த வேண்டாம். புகாரிலேயே சாதியைக் குறிப்பிட்டு, தடுத்தவர் அந்தப் பிரிவினர் அல்ல என்பதையும் எழுத வேண்டும். சாதிச் சான்றிதழ் நகல் முதல் நாளே இணைக்க வேண்டும். இது விடுபட்டதால் வேறு சாதாரணப் பிரிவில் பதிவாகி, பிறகு மாற்ற அலைகிற குடும்பங்கள் நிறைய.

#15 பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. கிளப் செயலாளருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பப் போகிறோம். வேட்டி பிரச்சினை இல்லை என்று புரிந்தது. தோல் செருப்பு?

#16 வரவேற்பறை

அங்கேதான் இப்போது பிடிக்கிறார்கள். சட்டத்தின் சொல் உடை என்பதால் "வேட்டி சரி, ஷூ எங்கே" என்று கேட்கிற இடங்கள் உண்டு. மின்னஞ்சலில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்: "விருந்தினர்கள் வேட்டி, சட்டை, தோல் செருப்பு அணிந்து வருவார்கள், அனுமதி உண்டு என்று உறுதி செய்யவும்." பதிலை அச்செடுத்து வாசலில் நிற்கிற உங்கள் வீட்டு ஆளிடம் கொடுத்து வையுங்கள். பின்பட்டை வைத்த செருப்பென்றால் பேச்சே வராது, ரப்பர் செருப்பைத்தான் குறிவைப்பார்கள்.

இன்னொன்றும் முக்கியம். கிளப்பில் விருந்தினர் உடைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மண்டபத்தைத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்த உறுப்பினர். அவருக்கு நோட்டீஸ் போகும் என்று தெரிந்துதான் பெரியவர்கள் "நமக்கு எதுக்கு, அவருக்குத் தொந்தரவு" என்று வாசலோடு திரும்பிப் போகிறார்கள். அந்த உறுப்பினரிடம் இன்றைக்கே பேசி, அவரையே அந்த மின்னஞ்சலை அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைவிட உறுப்பினர் கடிதத்துக்குச் செயலாளர் சீக்கிரம் பதில் போடுவார்.